சொந்த விலாசம்

வேலையை விட்ட அன்று சாயங்காலம் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள். மேஜை டிராயர் சாவியை நானே கொடுத்துவிட்டேன். ஒரு பூங்கொத்து, ஒரு கேக், கூட வேலை பார்த்த இரண்டு பேர் கண்ணில் கொஞ்சம் ஈரம். எல்லாம் முறைப்படி நடந்தது. மறுநாள் காலை பழக்க தோஷத்தில் போனை எடுத்து மெயிலைத் திறந்தால் பாஸ்வேர்ட் தப்பு என்றது. மூன்று முறை அடித்தேன். நான்காவது முறைதான் உறைத்தது. தப்பு பாஸ்வேர்டில் இல்லை.

2024 ஜனவரி. 15 வருஷம் குப்பை கொட்டிய பத்திரிகை. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விலாசம் அவர்களுடையது. என் பெயர், நடுவே ஒரு அட், அதற்கப்புறம் அவர்கள் பெயர். ஆள் போனால் பெயரைத் துடைப்பார்கள். இது தெரியாத குழந்தையா நான்?

தெரியும். ஆனாலும் அந்த விலாசத்தைத்தான் ஊர் பூராவும் கொடுத்து வைத்திருந்தேன். பேங்க், எல்.ஐ.சி., பாஸ்போர்ட், கேஸ் கனெக்‌ஷன், பையன் ஸ்கூல். பி.எஃப். கணக்குக்கே ஆபீஸ் விலாசம்தான் என்றால் என் புத்திசாலித்தனத்தை நீங்களே அளந்துகொள்ளலாம். காரணம் ரொம்ப எளிது. கம்பீரமாக இருந்தது. விசிட்டிங் கார்டை நீட்டினால், அட்டுக்குப் பின்னால் இருக்கும் பெயரைப் பார்த்துவிட்டு உட்காரச் சொல்வார்கள். அட்டுக்கு முன்னால் இருக்கும் பெயருக்கு அந்த மரியாதை கிடையாது. இத்தனைக்கும் நான் பி.காம். பட்டதாரி. அடுத்தவன் சொத்தை நம் ஐந்தொகையில் காட்டக்கூடாது என்று முதல் வருஷமே சொல்லித் தந்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு இடத்திலும் விலாசம் மாற்ற ஒரு மாசம் ஆனது. ஒரு இடத்தில், மாற்றத்தை உறுதி செய்ய உங்கள் பழைய விலாசத்துக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடவும் என்றார்கள். அந்த விலாசம் செத்துவிட்டது, அதனால்தான் மாற்றுகிறேன் என்று சொல்ல அங்கே கட்டம் எதுவும் இல்லை. நேரில் போய், பாரம் பூர்த்தி செய்து, ஆதார் நகல் கொடுத்து, ஆகட்டும். அதெல்லாம் சாதாரண அவஸ்தை. மூன்றாவது வாரம் வந்த அஞ்சலட்டைதான் என்னை உட்கார வைத்தது.

மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்தது. எனக்கு அக்கவுன்டன்சி சொல்லிக்கொடுத்த பேராசிரியர். எண்பதை நெருங்குகிறார். காது சுத்தமாகக் கேட்காது, அதனால் போன் கிடையாது. மகன் வாங்கி வைத்த கம்ப்யூட்டரில் இரண்டு விரலால் தமிழ் அடித்து, 2010-லிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு ஒரு மெயில் போடுவார். அந்த வாரம் நான் எழுதியதில் என்ன தப்பு என்று இருக்கும். தப்பே இல்லாவிட்டால் வருத்தம் தொனிக்க இரண்டு வரி இருக்கும். அட்டையில் எழுதியிருந்தார்:

'மூன்று மெயில் போட்டேன். மூன்றும் திரும்பிவிட்டன. உடம்புக்கு ஒன்றுமில்லையே? வேலைக்கு ஏதும் பங்கமா? உன் வீட்டு விலாசமும் நீ 2011-ல் கொடுத்ததுதான். இது வந்து சேருமா தெரியவில்லை. சேர்ந்தால் ஒரு வரி போடு.'

சேர்ந்தது. 2011-லிருந்து வீடு மாற்றவில்லை என்பது என் பாக்கியம். அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரம் ஒன்று என்றால் 14 வருஷத்துக்கு எழுநூறு கடிதங்கள். எழுநூறும் ஆபீஸ் பெட்டியில். ஒன்றுக்குக்கூட நகல் எடுத்து வைக்கவில்லை. கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த நண்பனுக்கு போன் போட்டேன். "சார், ஆள் ரிலீவ் ஆனா பெட்டியைக் காலி பண்ணிடுவோம். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்துக் கொடுத்திருப்பேனே" என்றான். நிஜமாகவே வருத்தப்பட்டான். எழுநூறு கடிதம் போனது போனதுதான்.

அந்தப் பேராசிரியர் எங்களுக்கு நடத்தியதில் இன்றைக்கும் மறக்காத ஒரு வகுப்பு உண்டு. கூட்டு வணிகக் கணக்குகளில் குட்வில் என்று ஒரு சமாசாரம் வரும். நற்பெயர் மதிப்பு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சொத்து. சராசரி லாபம், மிகை லாபம் என்று அதைக் கணக்கிட நாலு வழி சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் ஒரு கதை சொன்னார். 1810-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. நீதிபதி எல்டன் பிரபு அதில் ஒரு விளக்கம் தந்தார். பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே திரும்ப வருவார்கள் என்கிற சாத்தியம், குட்வில் என்பது அதற்கு மேல் ஒன்றுமில்லை. "இடம், கவனிச்சியா? ஆள் இல்லை, இடம்" என்று சாக்பீஸால் போர்டைத் தட்டினார். பத்தொன்பது வயதில் பரீட்சைக்கு இரண்டு மார்க் என்று குறித்துக்கொண்டேன். நாற்பத்தாறு வயதில்தான் புரிந்தது. என் பழைய வாடிக்கையாளர் மூன்று முறை பழைய இடத்துக்கு வந்திருக்கிறார். கடை இல்லை.

இலவச விலாசம் ஒன்று இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். இருந்திருக்கிறது, ஒன்றல்ல. முதலாவது 1999-ல், மாம்பலத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஆரம்பித்தது. காவிரிமைந்தன் 78 என்று பெயர் வைத்துக்கொண்டேன். வயசு அப்படி. சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996-ல் ஹாட்மெயிலைத் தொடங்கி, அடுத்த வருஷமே மைக்ரோசாஃப்டுக்கு விற்ற கதையை நாங்களெல்லாம் ராமாயணம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்த காலம். இரண்டு வருஷம் அந்தக் காவிரிமைந்தனை எட்டிப் பார்க்கவில்லை. திரும்பிப் போனபோது அப்படி ஒரு ஆளே இல்லை என்றார்கள். 2004 ஏப்ரல் 1-ம் தேதி ஜிமெயில் வந்தது. ஒரு ஜிபி இடம் சும்மா தருகிறோம் என்றதும், தேதியைப் பார்த்துவிட்டு உலகமே ஏப்ரல் ஃபூல் என்று நினைத்தது. யாராவது அழைத்தால்தான் உள்ளே போக முடியும். ஒரு அழைப்புக்காக நான் யாரிடமெல்லாம் பல்லிளித்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

இலவசத்தில் குறையே கிடையாது, கதவு திறக்கும்வரை. திறக்கவில்லை என்றால் தட்டுவதற்கு இன்னொரு கதவு இல்லை. இரண்டு வருஷம் உபயோகிக்காத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று கூகுள் 2023 டிசம்பரிலிருந்து விதி வைத்திருக்கிறது. அது அவர்கள் வீடு, அவர்கள் விதி. எனக்கு வேண்டியிருந்தது, எந்தக் கம்பெனி வந்தாலும் போனாலும் மாறாத ஒரு வாசல்.

அக்கா பையனைக் கூப்பிட்டேன். இன்ஜினீயரிங் முடித்துவிட்டு ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிறான்.

"இதுக்குப் போயா மாமா இவ்ளோ கவலை? சொந்தமா ஒரு டொமைன் வாங்குங்க. அரை மணி நேர வேலை."

அரை மணி நேரம் என்றால் அவன் பாஷையில் ஒரு வாரம் என்று அர்த்தம்.

முதல் சிக்கல் பெயர். என் பெயரில் ஒரு ழ இருக்கிறது. ஆங்கிலத்தில் இசட் ஹெச் போடுவதா, எல் போடுவதா? பள்ளிச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று. போனில் சொல்லும்போது எதிர்முனையில் இருப்பவர் டெல்லிக்காரராக இருந்தால் ழவுக்கே பத்து நிமிஷம் போய்விடும். தமிழிலேயே விலாசம் வைத்தால் என்ன என்று ஓர் ஆசை வந்தது. முடியாத காரியமில்லை. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றுக்குமே தமிழ் எழுத்தில் முடியும் டொமைன்கள் இருக்கின்றன. உள்ளே கம்ப்யூட்டர் அதை ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு கோவையாக மாற்றி வைத்துக்கொள்ளும். "வைக்கலாம் மாமா. ஆனா பேங்க் வெப்சைட்ல அடிச்சீங்கன்னா செல்லாத விலாசம்னு திட்டும்" என்றான். பேங்கில் ஏற்கெனவே பட்டது போதும். ஆசையை மடித்து வைத்தேன்.

என் பெயர் டாட் காம் போய்விட்டிருந்தது. யாரோ வாங்கிப் போட்டு, விலைக்கு என்று பலகை மாட்டியிருந்தார்கள். புறநகரில் மனை வாங்கிப்போட்டு முள்வேலி கட்டுகிற அதே தொழில். கடைசியில் இனிஷியலைச் சேர்த்துப் பிடித்தேன். குடும்பப் பெயர் இல்லாத தமிழனுக்கு அப்பா கொடுத்த ஓர் எழுத்து இப்படியும் உதவும்.

வாங்கினேன் என்றா சொன்னேன்? பணம் கட்டும் முன்னால் சின்ன எழுத்தில் இருப்பதையெல்லாம் படித்தேன். படித்த படிப்பு சும்மா விடாது. முதல் வருஷ விலை ஒன்று, புதுப்பிக்கும் விலை வேறு, அது அதிகம். இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, இதில் வாங்குவது என்பதே கிடையாது. 1998-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஐகேன் என்கிற அமைப்பு விதி வகுக்கிறது. அதனிடம் ஒப்பந்தம் போட்டு டாட் காம் பதிவேட்டை வைத்திருப்பது வெரிசைன் என்கிற கம்பெனி. அவர்களிடமிருந்து எடுத்து சில்லறையில் தருபவர் பதிவாளர். அவரிடம் வருஷ வாடகை கட்டி அனுபவிப்பவன் நான். அதிகபட்சம் 10 வருஷத்துக்கு முன்பணம் கட்டலாம், அதற்கு மேல் கிடையாது. தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்கு இது புரியாமல் போகுமா? உள்குத்தகை. ஆனால் ஒரு வித்தியாசம். பணம் கட்டுகிறவரை இந்தக் குத்தகைக்காரனைச் சுலபத்தில் வெளியேற்ற முடியாது. பதிவாளரைப் பிடிக்காவிட்டால் வேறு பதிவாளரிடம் பெயரோடு போய்விடலாம். நிலத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அடுத்த மிராசுதாரிடம் போகிற வசதி எந்த ஊரில் உண்டு?

பெயர் கிடைத்தது. கடிதம் வாங்கி வைக்க ஒரு பெட்டி வேண்டுமே. வீட்டிலேயே ஒரு சர்வர் வைத்தால் என்ன என்று அடுத்த ஆசை. வீட்டு இணைப்புகளில் மெயில் போகிற வாசலைப் பெரும்பாலும் அடைத்தே வைத்திருப்பார்கள், அடைக்காவிட்டாலும் வீட்டு சர்வரிலிருந்து வரும் மெயிலை யாரும் நம்பமாட்டார்கள், கரன்ட் போனால் இன்னும் வம்பு என்று மருமகன் அடுக்கினான். மாசா மாசம் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு பெட்டியைப் பராமரிக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. ஒன்றில் சேர்ந்தேன்.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பெயர் ஓரிடத்தில், பெட்டி வேறோர் இடத்தில். இரண்டையும் இணைப்பது ஒரே ஒரு வரி. எம்.எக்ஸ். ரெக்கார்டு என்று பெயர். இந்தப் பெயருக்கு வரும் தபாலை இன்ன சர்வரில் கொண்டுபோய்க் கொடு என்று உலகத்துக்கு அறிவிக்கிற வரி. இன்னாருக்கு வரும் தபாலெல்லாம் இன்ன வீட்டில் கொடுக்கவும் என்று போஸ்ட் ஆபீஸில் எழுதிக்கொடுப்போமே, அதேதான். நாளைக்கு அந்தக் கம்பெனி விலை ஏற்றினாலோ இழுத்து மூடினாலோ, வரியை மாற்றி வேறு கம்பெனியைக் காட்டினால் போதும். எழுதுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் பழைய விலாசத்துக்கே போடுவார், அது புதுப் பெட்டியில் வந்து விழும். ஆள் இல்லை, இடம் என்று போர்டைத் தட்டினாரே பேராசிரியர், அந்த இடத்தையே கையோடு தூக்கிக்கொண்டு போகிற வித்தை. எல்டன் பிரபுவுக்கு இது தெரிய நியாயமில்லை. டொமைன் பெயர் முறையை பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்ததே 1983-ல்தான்.

அந்த ஒரு வரியில் நான் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டேன். சோதனைக்கு மனைவியை ஒரு மெயில் போடச் சொன்னேன். திரும்பிவிட்டது. "என்னங்க, காசு கட்டி வாங்கினீங்களே, இதுவும் போச்சா?" என்றாள். எழுத்தைச் சேர்த்தேன். உடனே சரியாகவில்லை. உலகத்து சர்வர்களெல்லாம் பழைய வரியைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்குமாம். ராத்திரி பதினொன்றரைக்கு அவள் அனுப்பிய மெயில் வந்தது. 'தூங்குங்க' என்று ஒரே வார்த்தை. என் சொந்த விலாசத்துக்கு வந்த முதல் கடிதம்.

மறுநாள் காலை பேராசிரியருக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். மன்னிப்பு, புது விலாசம், எழுநூறு கடிதம் போன கதை எல்லாம். ஞாயிற்றுக்கிழமை வந்தது, பதில் இல்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. கடிதங்களைத் தொலைத்துவிட்டேன் என்று எழுதியதில் மனசு புண்பட்டுவிட்டதோ? உடம்புக்கு ஏதாவதோ? மூன்று மெயில் திரும்பி வந்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெட்கத்தோடு நானும் ஓர் அஞ்சலட்டை வாங்கி எழுதிப் போட்டேன். பதில் மெயிலில் வந்தது. 'உன் கடிதம் குப்பையில் கிடந்தது.' ஸ்பேம் என்கிற வார்த்தை அவர் அகராதியில் இல்லை.

தப்பு என்னுடையது. மெயில் அனுப்பும் முறைக்கான விதிகளை ஜான் போஸ்டல் எழுதியது 1982-ல். அன்றைக்கு வலையில் இருந்தது பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக்கூடங்களும். அனுப்புநர் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் சரிபார்க்கமாட்டார்கள். போஸ்ட் கவரின் பின்பக்கம் முதலமைச்சர் என்று எழுதினால் தபால்காரர் கேட்பாரா? பின்னாளில் மோசடிக்காரர்கள் புகுந்ததும் மூன்று பூட்டுகள் வந்தன. மூன்றையும் டொமைனில்தான் மாட்ட வேண்டும். மருமகன் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்று மூன்று மந்திரங்களைச் சொல்லிவிட்டு நான் முழிப்பதைப் பார்த்துச் சிரித்தான். பத்து நிமிஷம் கழித்து நான் சிரித்தேன். இதெல்லாம் எங்கள் சரக்கு. முதலாவது, என் பெயரில் கடிதம் போட அதிகாரம் பெற்ற சர்வர்கள் இவை என்கிற பட்டியல். பேங்கில் கொடுப்போமே, கையெழுத்து அதிகாரம் உள்ளவர்கள் பட்டியல், அது. இரண்டாவது, ஒவ்வொரு கடிதத்திலும் விழுகிற முத்திரை. அது அசல்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்கிற சாவி டொமைனில் பொதுவாகத் தொங்கும். கம்பெனி சீல். மூன்றாவது, இவை பொருந்தாமல் என் பெயரில் ஒரு கடிதம் வந்தால் என்ன செய்வது என்கிற நிலையான உத்தரவு. விட்டுவிடு, ஒதுக்கி வை, திருப்பி அனுப்பு, மூன்றில் ஒன்று. கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து கெடுபிடியைக் கூட்டியிருந்தார்கள். எனக்குப் பட்டியலும் இல்லை, சீலும் இல்லை. சம்பந்தமில்லாத ஆள் கொடுத்த செக் மாதிரி என் கடிதம் ஓரமாகக் கிடந்திருக்கிறது.

பூட்டுகளை மாட்டியபின் வீட்டுக்காரனுக்கு வரும் ஒரு தெனாவட்டு எனக்கும் வந்தது. என் டொமைனில் அட்டுக்கு முன்னால் எதைப் போட்டாலும் எனக்கே வருகிற மாதிரி ஓர் ஏற்பாடு செய்யலாம். ஒரு நகைக்கடையில் விலாசம் கேட்டபோது அந்தக் கடையின் பெயரையே அட்டுக்கு முன்னால் போட்டுக் கொடுத்தேன். பில் போட்ட பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நாற்பது நாள் கழித்து அதே விலாசத்துக்கு, திண்டிவனம் பக்கத்தில் மனை வாங்க அழைப்பு வந்தது. யார் என் விலாசத்தை யாருக்குக் கொடுத்தார்கள் என்று துப்பறியத் தேவையே இல்லை. அந்த ஒரு விலாசத்தை மட்டும் அடைத்துவிட்டேன். அற்ப சந்தோஷம்தான். ஆனால் சந்தோஷம்.

இனி சந்தோஷமில்லாத ஒன்று. பணம் கட்ட மறந்துவிட்டால்? டாட் காமுக்கு, தேதி தாண்டிய பிறகு அதிகபட்சம் 45 நாள் சலுகை இருக்கும், அது பதிவாளரைப் பொறுத்தது. அப்புறம் 30 நாளுக்குள் அபராதத்தோடு மீட்கலாம். அப்புறம் 5 நாள். அதற்குமேல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவருக்கு என் பெயர் மட்டும் போகாது, என் பெயருக்கு வரும் கடிதமெல்லாம் போகும். பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று அவர் ஒரு பட்டனை அழுத்தினால், பேங்கோ வேறு யாரோ அனுப்பும் சாவி நேராக அவர் கைக்கே போகும். ஆபீஸ் விலாசம் போனபோது கடிதங்கள் திரும்பின, அவ்வளவுதான். இதில் கடிதங்கள் திரும்பாது. யாரோ ஒருவர் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருப்பார்.

இதில் ஒரு பொறியும் உண்டு. பணம் கட்டச் சொல்லி நினைவூட்டும் கடிதங்கள், பதிவாளரிடம் நான் கொடுத்திருக்கும் விலாசத்துக்குத்தான் வரும். பெருமையாக என் புது விலாசத்தையே கொடுத்திருந்தேன். டொமைன் படுத்தால் நினைவூட்டலும் கூடவே படுத்துவிடும். சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டின கதை. ஆக, அதற்காக மட்டும் 2004-ல் பல்லிளித்து வாங்கிய ஜிமெயிலை உயிரோடு வைத்திருக்கிறேன். கடிதங்களின் நகலை மாசம் ஒரு முறை என் ஹார்ட் டிஸ்கில் இறக்கிவிடுகிறேன். டொமைன் விவரம், பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் எழுதி, எல்.ஐ.சி. பாலிசிகள் இருக்கிற பிளாஸ்டிக் கவரில் போட்டு மனைவியிடம் கொடுத்தேன். "எனக்கு ஏதாவது ஆனாலும் இதுக்கு மட்டும் வருஷா வருஷம் பணம் கட்டிடு" என்றேன். "பாலிசியில பணம் வரும். இதுக்கு நான் கட்டணுமா?" என்றாள். பி.காம். படிக்காதவள்.

பேராசிரியருக்கு இதையெல்லாம் விவரமாக எழுதினேன். இந்த முறை குப்பைக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது. எழுநூறு கடிதங்களைப் பற்றி ஒரே வரி: 'என்னிடமும் இல்லை, உன் தப்புகளைத்தானே எழுதினேன், போகட்டும்.' பிறகு வழக்கம்போல் திருத்தம். டொமைனுக்குக் கட்டிய பணத்தை நான் முதலீடு என்று எழுதியிருந்தேன். வருஷா வருஷம் கட்டுவது வாடகை, அது வருவாயினச் செலவு, முதலீட்டில் எப்படிக் காட்டினாய் என்று கேட்டிருந்தார். கடைசியில், புதுப்பிக்க வேண்டிய தேதி என்ன, என் டைரியிலும் குறித்துக்கொள்கிறேன், நீ மறந்தால் கார்டு போடுகிறேன் என்று எழுதியிருந்தார்.

மார்ச் 29 என்று பதில் போட்டேன். அடுத்த ஞாயிறுவரை அவர் காத்திருக்கவில்லை. அன்று மாலையே ஒரு வரி வந்தது.

'கணக்கு முடிக்க இரண்டு நாள் முன்னால். நல்லதாயிற்று.'